கொண்டை ஊசி வளைவும் விமானத்தின் ஃபிளாப்பும்



காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். நான் அந்த மலைக்காரன். அப்படிப்பட்ட எனக்குக் கம்ப்யூட்டர் விமானச் சண்டையில் ஒழுங்காக ஒரு வளைவு போடத் தெரியவில்லை. ஹாஸ்டலே சிரித்தது!

விளையாட்டின் பெயர் 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்'. 2001-ல் வந்தது. இரண்டாம் உலகப் போர் விமானங்கள். ரூம்மேட் ஒவ்வொரு தடவையும் என் வாலைப் பிடித்துச் சுட்டுவிடுவான். "ஃபிளாப்பை இறக்குடா மச்சி" என்றார்கள். முழுசாக இறக்கினேன். முதல் திருப்பத்தில் அவனை முந்தி உள்ளே திரும்பினேன். அடுத்த திருப்பத்தில் வேகம் செத்துப்போய், ஒரு பக்கமாகக் கவிழ்ந்து தரையில் விழுந்தேன்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட். "வளைவுக்கு முன்னாடியே ஏண்ணே கியரைக் குறைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வேகத்தோட வந்தா வண்டி திரும்பாது தம்பி. ஆனா திரும்பினதும் வேகம் சேத்துடணும். இல்லேன்னா ஏத்தத்துல நின்னுடும்."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. நம் மெக்கானிக்ஸ் பாடமும் இதைத்தான் சொல்கிறது. பக்கவாட்டு விசை மாறாமல் இருந்தால், வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆரம் கால் பங்கு!

அப்படியென்றால் விமானமும் மெதுவாகத் திரும்ப வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்ப, எடையைப் போல இரண்டு மடங்கு தூக்குவிசை வேண்டும். அதனால் ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 1.4 மடங்காகிறது. நேராகப் பறக்கும்போது 160 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், அந்தத் திருப்பத்தில் 226-லேயே ஸ்டால் ஆகிவிடும்.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை. அதை இறக்கினால் இறக்கையின் வளைவு கூடி, குறைந்த வேகத்திலும் தூக்குவிசை கிடைக்கும். கூடவே காற்றின் இழுவையும் ஏறும். முதல் சில டிகிரியில் தூக்குவிசை லாபம். கடைசி டிகிரிகளில் பெரும்பாலும் இழுவைதான் மிச்சம். நான் முழுசாக இறக்கி விழுந்த காரணம் இதுதான்.

நிஜ விமானங்களிலும் இதே கணக்குதான். அமெரிக்க மஸ்டாங்கில் 10 டிகிரி ஃபிளாப்பை மணிக்கு 640 கிலோமீட்டர் வரை இறக்கலாம். முழு 50 டிகிரிக்கு எல்லை 265 மட்டுமே. பர்மா வானில் பறந்த ஜப்பானின் ஹயபுசாவில் சண்டைக்கென்றே தனி ஃபிளாப் இருந்தது. ஷிடென்-கை விமானத்தில் பாதரசக் குழாய் ஒன்று நிலைமையை உணர்ந்து ஃபிளாப்பைத் தானாகவே இயக்கியது. இன்ஸ்ட்ருமெண்டேஷன் நண்பர்கள் கவனிக்க!

ஸ்பிட்ஃபயரில் அந்த வசதி கிடையாது. ஃபிளாப் முழுசாக மேலே, இல்லையென்றால் முழுசாகக் கீழே. தரையிறங்க மட்டும்தான். எனவே உங்கள் விமானம் எது என்று முதலில் பாருங்கள்.

நான் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான்:

1. வேகமாக வரும்போது ஃபிளாப்பைத் தொடாதீர்கள். முதலில் திராட்டிலைக் குறையுங்கள், அல்லது மேலே ஏறி வேகத்தை உயரமாக மாற்றுங்கள்.

2. எதிரி குறியில் விழ இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றால், முதல் படி மட்டும் இறக்குங்கள்.

3. சுட்டாலும் தவறவிட்டாலும் உடனே மேலே ஏற்றிவிட்டு, மூக்கைத் தாழ்த்தி வேகம் சேருங்கள்.

4. எதிரி உங்களைவிட நன்றாகத் திரும்புகிறவன் என்றால், ஃபிளாப்பை நம்பிச் சுற்றாதீர்கள். விலகிப் போங்கள்.

நான்காவது பாடம் விளையாட்டல்ல. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானின் ஜீரோக்களை ஹரிகேன்கள் எதிர்கொண்டன. ஜீரோ ஹரிகேனைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பக்கூடியது. அன்று பல ஹரிகேன்கள் வீழ்ந்தன. நமக்கு 'ரீஸ்டார்ட்' பட்டன் இருக்கிறது. அந்த இளைஞர்களுக்கு இல்லை.

ஃபிளாப் என்பது கைமாற்றுக் கடன் மாதிரி. அவசரத்துக்கு வாங்கலாம், உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்போது ரூம்மேட்டை நான் பத்தில் நான்கு தடவையாவது ஜெயிக்கிறேன். மீதி ஆறுக்கு அடுத்த பொங்கல் லீவில் டிரைவர் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும்!