கையெழுத்திட்ட பிறகும் செல்லாத வரிகள்

சேர்வராயன் மலையில் காபி வேரூன்றி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டில் தென்னிந்தியத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டிய கருவி முன்பணம். அதை வாங்கிக் கைநாட்டு வைத்தவர் பாதியில் வேலையை விட்டுப் போனால், 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் அவரை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்க இடம் தந்தது. அது 1925இல்தான் நீக்கப்பட்டது.

வியப்பு என்னவென்றால், அந்தக் கொடிய சட்டம் நடப்பில் இருந்தபோதே, 1872இல், அதே ஆங்கிலேய அரசு இந்திய ஒப்பந்தச் சட்டத்தையும் இயற்றியது. அதன் 27ஆம் பிரிவு ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு, தடுக்கும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இரண்டே ஆண்டுகளில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதைச் சோதித்தது. போட்டிக் கடைக்காரரிடம் ‘கடையை மூடிவிடு, பணம் தருகிறேன்’ என்றார் ஒருவர். அவரும் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். கடையை மூடும் உடன்பாடே செல்லாது, அதை வைத்துப் பணம் கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. தடை நியாயமான அளவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது இங்கிலாந்தின் வழக்கம். நம் சட்டம் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை.

இன்றைக்கும் அதே பிரிவுதான். ஏற்காட்டு ரிசார்ட் ஒன்றில் சமையற்காரர் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வேலையை விட்டபின் இரண்டு வருடம் இந்த மலையில் வேறு எந்த ஓட்டலிலும் சேரக் கூடாது’ என்ற ஷரத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது அவரைக் கட்டாது. வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் இத்தகைய தடை செல்லும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையை விட்ட பிறகு செல்லாது என்பதைப் பின்னர் உறுதிப்படுத்தியது.

செல்லாத வரி ஒன்று இருந்தால் முழு ஒப்பந்தமும் போய்விடுமா? பெரும்பாலும் போகாது. நீதிபதி அந்த வரியை நீலப் பென்சிலால் அடித்ததாகக் கருதி மிச்சத்தைப் படிப்பார். மிச்சம் தன்னளவில் பொருள் தந்தால் அது நிற்கும். 2006இல் உச்ச நீதிமன்றம் இந்த முறையைப் பெயர் சொல்லியே கையாண்டது.

அப்படியானால் ஓர் ஒப்பந்தத்தில் செல்லாத வரி என்று எதைத் தேடிப் பார்ப்பது? குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1948ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. தொழிலாளி மனமொப்பிக் கையெழுத்திட்டாலும் அப்படித்தான். முன்பணத்துக்காக ஆளைக் கட்டிவைக்கும் ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செல்லாததாக்கியது. அந்தக் கடனையே அழித்தது. 1859ஐ நினைத்தால் இந்த ஒரு வரிக்காகவே நம் நாடாளுமன்றத்தை வணங்கலாம். மலையிறங்கிச் சேலம் மாநகரில் வீடு பிடித்தால், வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் துண்டிப்பதைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தடுக்கிறது. அதே சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்ற வாசகமும் கூடவே இருப்பதால், பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவருக்கு அந்த வரம்பு உதவாது. சில விதிகளைக் கையெழுத்தால் மாற்றலாம், சிலவற்றை மாற்ற முடியாது. ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் கலை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கடுமையாகத் தெரிவதெல்லாம் செல்லாதவை என்றும் நினைத்துவிடக் கூடாது. மூன்று ஆண்டு பணியாற்ற வேண்டும், முன்பே விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆள்சேர்ப்புக்கு ஆகும் செலவும் இடையில் விலகுவதால் வரும் இழப்பும் அதற்குக் காரணங்களாயின.

செல்லாத வரியை ஏன் எழுதுகிறார்கள்? அது வேலை செய்வதால்தான். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 70 வாடகை ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, சட்டப்படி செல்லாத ஷரத்துகள் அவற்றில் சகஜமாக இருந்ததைக் காட்டியது. ‘வேறு நிறுவனத்தில் சேராதே’ என்ற ஷரத்து செல்லாத அமெரிக்க மாநிலங்களில்கூட, அதில் கையெழுத்திட்டவர்கள் வேலை மாறத் தயங்குவதை வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். வழக்கு என்று போனால் நிற்காத வாக்கியம், வழக்குக்கே போகாத மனிதரைப் பிடித்துவைக்கிறது. இது எனக்கு ஆத்திரம் தருகிறது.

ஆகவே கையெழுத்திட்ட தாளின் நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.