நிறுத்திய காரில் கமரா விழித்திருப்பது எப்படி?

ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஏறும் பாதையோரம் காரை நிறுத்திச் சாவியைக் கழற்றினால், பெரும்பாலான கார்களில் சிகரெட் லைட்டர் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும், அதில் செருகிய டாஷ் கமராவும் அணைந்துவிடும். அதனால்தான் பியூஸ் பெட்டியில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும் இணைப்பிலிருந்து தனி வயர் இழுக்கிறார்கள்.

கமரா இழுப்பது சொற்பம்தான். 4 வாட் என்றால், 12 வோல்டில் மூன்றிலொரு அம்பியர். ஆனால் கார் மூன்று நாள் நின்றால் 24 அம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் 45 அம்பியர்-மணி பற்றரியில் அது பாதிக்கு மேல்! ஆழமாக வற்றிய பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகி, அதன் ஆயுள் குறையும்.

எனவே, வோல்ட் இறங்கியதும் தானாகத் துண்டிக்கும் சாதனம் கட்டாயம் வேண்டும். நிறைந்த பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அங்கேயே துண்டிக்க வையுங்கள். ஹந்தானையிலிருந்து கண்டி நகருக்கு இறங்கும் சில கிலோமீற்றர் ஓட்டத்தில், இழந்ததை ஆல்டர்னேட்டரால் நிரப்பிவிட முடியாது.