ஒரு சதுக்கம், இரு பெயர்கள்

நம் சங்கத்து அன்பர்களுள் மும்பைக் கோட்டைப் பகுதியில் உத்தியோகம் பார்ப்போர் பலர். ‘பவுண்டன்’ என்றால் அவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1864ஆம் ஆண்டில், ரோமானியரின் மலர்த் தெய்வமான புளோராவின் சிலையை உச்சியில் தாங்கி எழுந்த நீரூற்று அது. பழைய கோட்டையின் ‘சர்ச் கேட்’ என்னும் வாயில் அவ்விடத்தில்தான் இருந்தது. மதில் இடிக்கப்பட்டது, வாயிலும் போயிற்று; பெயர் மட்டும் பத்து நிமிட நடைத் தொலைவிலுள்ள ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டது. நாள்தோறும் அப்பெயரைப் பதிவேட்டில் எழுதும் குமாஸ்தாவாகிய எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

சதுக்கத்திற்கு மற்றொரு பெயரும் உளது. மும்பையைத் தலைநகராகக் கொண்டு மராட்டி பேசுவோர்க்கு ஒரு மாநிலம் வேண்டும் என்ற கிளர்ச்சியில், 1955 நவம்பர் 21 அன்று இங்கே போலீஸார் சுட்டனர். கிளர்ச்சி முடிவதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1960இல் மகாராஷ்டிரம் பிறந்தது. சதுக்கம் ‘ஹுதாத்மா சௌக்’ ஆயிற்று. உழவனும் தொழிலாளியும் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் நினைவுச் சின்னம் நீரூற்றின் அருகிலேயே இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து வந்த என் தகப்பனார் இறுதிவரை ‘பவுண்டன்’ என்றே சொன்னார். ஊர்க்காரர்களை அவர் சந்தித்ததும், நடைபாதையில் பழைய புத்தகம் பேரம் பேசியதும் அங்கேதான். தீப்பந்தச் சிலையை அவர் ஏறிட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இங்கேயே பிறந்த என் மகனோ ‘ஹுதாத்மா சௌக்’ என்கிறான். பள்ளியில் அவ்வாறுதான் கற்றானாம்.

சென்ற ஞாயிறு அவனை அழைத்துச் சென்றேன். 2019இல் செப்பனிடப்பெற்ற நீரூற்றை அவன் பொருட்படுத்தவில்லை. நேரே நினைவுச் சின்னத்தின் முன் போய் நின்று, மராட்டி எழுத்துகளை உரக்கப் படித்தான். பிறகு, “அப்பா, இறந்தவர்களில் நம்மவர் உண்டா?” என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை வரவில்லை. சற்றுப் பொறுத்து, சென்னை மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிட வேண்டும் என்பது முதலான கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர் 13 அன்று உயிர் துறந்த சங்கரலிங்கனாரைப் பற்றிச் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டான்.

“அவருக்கும் இப்படி ஒரு சௌக் இருக்கிறதா?”

“விருதுநகரில் மணிமண்டபம் இருக்கிறது. நானும் பார்த்ததில்லை.”

வரும் நவம்பர் 21 அன்று இங்கே மலர்வளையம் வைப்பார்களாம். தன்னை அழைத்து வர வேண்டுமாம். அன்று எனக்கு வேலை நாள். விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.