சின்ன அறைக்கு எந்த நாற்காலி?

மாடிப்படித் திருப்பத்தில் சோபா மாட்டிக்கொண்டது.

மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தூக்கி வந்த நான்கு பேரும் வியர்த்துப்போய் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். வெளியே போக வழியில்லை என்று கண்டதும் மூடிக்கொண்டார்.

"என்னங்க, வாங்கும்போது அளவு பார்க்கலையா?" என்று மேலேயிருந்து மனைவி கேட்டாள்.

கணவன் பதில் சொல்லவில்லை. அவன் பார்த்தது விலையை மட்டும்தான்!

சென்னையின் அடுக்கு மாடி வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. சோபாவின் கால்களைக் கழற்றி, செங்குத்தாக நிமிர்த்தி, எப்படியோ உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பமாகும். சோபா இருக்கும். அறை இருக்காது!

கணக்குப் போடுங்கள்

12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி.

மூன்று பேர் உட்காரும் தோல் சோபா ஏறக்குறைய 7 அடி நீளம், 3 அடி அகலம் இருக்கும். அது 21 சதுர அடி. அதோடு சேர்ந்து வரும் ஒற்றை நாற்காலிகள் இரண்டும் 18 சதுர அடி. நடுவில் போடும் டீப்பாய் 7 சதுர அடி. ஆக 46 சதுர அடி போய்விட்டது. கூடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

மீதி இடத்தில்தான் டெலிவிஷன், செருப்பு அலமாரி, கதவு திறக்கும் இடம், சமையலறைக்குப் போகும் வழி எல்லாம் அடங்க வேண்டும். இரவில் கூடத்தில் பாய் விரிக்கும் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கவே 2½ அடி அகலம் வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யலாம். செலவில்லாத காரியம். நாற்காலியின் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் அதை மிதிக்காமல் வீட்டில் நடமாடிப் பாருங்கள். அடிக்கடி மிதிபட்டால், அந்த நாற்காலி உங்கள் வீட்டுக்கு ஆகாது.

வாசல் கதவு, மாடிப்படித் திருப்பம், லிப்டு ஆகியவற்றின் அளவையும் ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னருக்குச் செய்த நாற்காலி

"மாடர்ன் டிசைன்" என்று கடைகளில் காட்டும் தோல் நாற்காலிகள் பலவற்றுக்கு மூலம் பழையது. 1929-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரத்தில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஜெர்மனி அமைத்த மண்டபத்துக்கு ஸ்பெயின் மன்னர் வருவதாக இருந்தது. அதற்காக மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக் கலைஞரும், லில்லி ரைக் என்ற பெண்மணியும் ஒரு நாற்காலி செய்தார்கள். குறுக்காக வளைந்த எஃகுக் கால்கள்; மேலே தோல் மெத்தை. அதைப் பார்த்துச் செய்தவை இன்றும் உலகம் முழுவதும் விற்பனையாகின்றன.

பார்க்க அழகுதான். ஆனால் 2½ அடி அகலம், கைகள் கிடையாது. முழங்கால் வலி உள்ள பெரியவர் அதில் உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்! மன்னருக்கு அந்தக் கவலை இல்லை.

1956-ல் அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் செய்த சாய்வு நாற்காலியும் புகழ் பெற்றது. வளைத்த ஒட்டுப் பலகை ஓட்டுக்குள் தோல் மெத்தை. கால் நீட்ட தனியாக ஓர் ஆசனம். இரண்டையும் போட்டால் சுமார் 5 அடி நீளம் போய்விடும். இந்தத் தம்பதிகள் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958-ல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து பாராட்டிய பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் செம்பு!

சின்ன அறைக்குப் பாடம் வேறு ஒருவரிடம் இருக்கிறது. அவர் மார்செல் பிராயர். 1925-ல், சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பார்த்து, அதே மாதிரி எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். அளவில் அது சிறியதல்ல. ஆனாலும் கண்ணுக்கு லேசாகத் தெரியும். காரணம், அதன் ஊடே தரையும் சுவரும் தெரிகின்றன.

அந்த யுக்தியைத்தான் கவனிக்க வேண்டும். அடிப்பாகம் தரையோடு அடைத்துக்கொண்ட நாற்காலி அறையை விழுங்கும். 6 அங்குலமாவது உயர்ந்த, மெல்லிய கால்கள் இருந்தால் அறை பெரிதாகத் தோன்றும். துடைப்பமும் உள்ளே நுழையும்! கைப்பிடியும் ஒடுக்கமாக இருக்கட்டும். 2¼ அடி அகலம், 2½ அடி ஆழமுள்ள இரண்டு நாற்காலிகள் 11 சதுர அடிக்குச் சற்று அதிகமான இடத்தில் அடங்கிவிடும். விருந்தாளிகள் வந்தால் மோடா, மடக்கு நாற்காலி, பாய் எல்லாம் இருக்கவே இருக்கின்றன.

தோலா, தோல் மாதிரியா?

பணம் பறிபோவது இங்கேதான்.

மாட்டுத் தோல் தடிமனானது. பதனிடும்போது அதை இயந்திரத்தில் அடுக்கடுக்காகப் பிளப்பார்கள். மயிர்க்கால் துளைகள் உள்ள மேல் அடுக்குதான் உறுதியானது. அடி அடுக்குக்கு அவ்வளவு பலம் இல்லை. அதன்மேல் பூச்சுக் கொடுத்து, துளைகளை அச்சாகப் பதித்து விடுவார்கள். "ஜெனுயின் லெதர்" என்ற சீட்டு தொங்கினால், உள்ளே இருப்பது தோல் என்றுதான் அர்த்தம். எந்த அடுக்கு என்று அது சொல்லாது.

"பாண்டட் லெதர்" என்பது வேறு. தோல் துண்டுகளையும் துணுக்குகளையும் அரைத்து, பசை சேர்த்து, துணியில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசியது. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் சில வருஷங்களிலேயே அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியும். எழுந்தால் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். உரிந்ததை ஒட்ட முடியாது. மாதத் தவணை இன்னும் பாக்கியிருக்கும்போதே நாற்காலி உரிந்துபோனால் அந்தக் குடும்பத்தின் வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வது?

ரெக்சின் மட்டமான பொருள் அல்ல. ரெக்சின் என்று சொல்லி, ரெக்சின் விலைக்கு விற்றால் நியாயமான சரக்குதான். குழந்தை பாலைக் கொட்டினாலும் துடைத்துவிடலாம். தோல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

கண்டுபிடிப்பது எப்படி? மெத்தை உறையில் ஜிப் இருந்தால் திறந்து, உட்புறத்தைப் பாருங்கள். தோலின் அடிப்புறம் பஞ்சு பஞ்சாக நார் தெரியும். நெசவுத் துணி தெரிந்தால் அது போலி, அல்லது பாண்டட். மேற்புறத்தில் எல்லாத் துளைகளும் ஒரே மாதிரி, ஒரே வரிசையில் இருந்தால் அச்சு என்று சந்தேகப்பட வேண்டும். வாசனையை நம்ப வேண்டாம். அதையும் பூச முடியும். உட்காரும் இடத்தில் மட்டும் தோல் வைத்து, பக்கங்களிலும் முதுகிலும் போலி வைப்பதும் உண்டு. ஆகவே நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள்.

எந்த அடுக்கு, எந்தப் பகுதியில் தோல், எந்தப் பிராணியின் தோல் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சில வீடுகளில் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி! பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அந்த ரசீதுதான் கைகொடுக்கும்.

தோலுக்காக வெளிநாட்டுப் பெயரைத் தேடவும் வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இந்தத் தொழிலில் பேர்போனவை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் சென்னை அடையாறில் இருக்கிறது.

அப்பாவையும் அழைத்துப் போங்கள்

நாற்காலியில் அதிக நேரம் உட்காரப்போவது யார்? பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெரியவர். ஆனால் கடைக்கு அவரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை!

அவரை உட்கார வைத்து, பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். "அப்பா, இப்போ எழுந்திருங்க" என்று சொல்லுங்கள். கையை ஊன்றித் தானாக எழுந்தால் சரி. உட்காரும் உயரம் 16 முதல் 18 அங்குலம் இருப்பது பலருக்கும் பொருந்தும். பாதம் தரையில் பதிய வேண்டும். முதுகு சாய்மானத்தைத் தொட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, நேர் வெயில் விழும் ஜன்னலோரம் போடாதீர்கள். தோல் வெளுத்து, வறண்டு, வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது. சோப்புத் தண்ணீரும் ஆகாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் மட்டும் வாரம் ஒரு தடவை நாற்காலியைச் சுவரை விட்டு நகர்த்தி, முதுகுப் பக்கத்தையும் துடையுங்கள். காற்றுப் படாத அந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.