பாட்டில் வேண்டாம், பாலாடை போதும்!

எங்கள் தெருவில் ஒரு குழந்தை, இரண்டரை வயசு. சிரித்தால் மேல் வரிசை முன்பற்கள் நாலும் கறுத்து, பாதி கரைந்து தெரிகிறது. பாட்டியைக் கேட்டால், "பால் பல்லுதானேம்மா, விழுந்து முளைச்சா சரியாயிடும்" என்கிறார்.

சரியாகாது சகோதரிகளே! பால் பல் சொத்தையாகி சீழ் பிடித்தால், அடியில் உருவாகும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம். அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போன மூன்றாம் மாதமே பாட்டில் வந்துவிட்டது. ராத்திரி அழாமல் தூங்கணும் என்று சர்க்கரை போட்ட பாலை வாயில் வைத்தபடியே தூங்க விட்டிருக்கிறார்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவு. இனிப்புப் பால் பல்லிலேயே தங்கி விடிய விடிய அரிக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும். மேல் பற்கள்தான் முதலில் போகும்.

தாயிடம் குடிக்கும் குழந்தை வாயை அகலத் திறந்து, நாக்கையும் கீழ்த்தாடையையும் அசைத்து உழைத்துக் குடிக்கிறது. தாடை நன்றாக வளரவும், அண்ணம் அகலமாக அமையவும் இது உதவுகிறது. பாட்டிலில் இந்த உழைப்பு குறைவு.

வேலைக்குப் போகிற பெண் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் கை கொடுக்கணும். சுத்தமான மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அடுப்பில் சுட வைக்காமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். நம்ம பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை இருக்கவே இருக்கிறது. குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, மூக்கைக் கீழுதட்டில் வைத்து, அது உறிஞ்சுகிற வேகத்துக்குச் சாய்க்கணும். தொண்டையில் ஊற்றக் கூடாது.

1992-ல் வந்த சட்டப்படி பால் புட்டிக்கும், பால் பவுடருக்கும் விளம்பரமே செய்யக் கூடாது. நாமோ பிள்ளை பார்க்கப் போகும்போது பாட்டில் செட்டைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போகிறோம்! அதற்கு ஒரு எவர்சில்வர் பாலாடை வாங்கிக் கொடுங்களேன்.

முதல் பல் எட்டிப் பார்த்ததுமே, ராத்திரி பால் குடித்த பிறகு ஈரத் துணியால் துடைத்து விடுங்கள். முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்