கோரையும் புல்லும் ஒன்றல்ல

பணி ஓய்வுக்குப் பின் தாராபுரத்துக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பி, அமராவதி வாய்க்கால் பாயும் இரண்டு ஏக்கர் வயலை நானே கவனிக்கத் தொடங்கிய முதல் போகத்திலேயே ஒரு தவறு செய்தேன். நடவு முடிந்த சில வாரங்களில் வயலில் களை மண்டியது. மருந்துக் கடைக்குச் சென்று, "நெல்லில் புல் அதிகமாக இருக்கிறது" என்றேன். கடைக்காரர் நான் சொன்ன சொல்லுக்கு உரிய மருந்தைக் கொடுத்தார். புல் காய்ந்தது. ஆனால், புல் விட்ட இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேறொன்று முன்னிலும் செழிப்பாக வளர்ந்தது. மருந்துச் செலவு, தெளிப்புக் கூலி ஆகியவற்றோடு கைக்களைக் கூலியும் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறியது.

களையெடுக்க வந்த பெண்களில் மூத்தவர் ஒருவர் ஒரு தண்டைப் பறித்து என் விரல்களுக்கிடையே வைத்தார். "ஏனுங்க வாத்தியாரய்யா, இது புல்லுங்களா? உருட்டிப் பாருங்க, தெரியுமுங்க" என்றார். உருட்டினேன், உருளவில்லை. தண்டு முப்பட்டையாக இருந்தது. அது கோரை. புல்லினக் களைகளை மட்டும் கொல்லும் மருந்து கோரையைத் தொடாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். என் வயலில் இருப்பது கோரை என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். வேளாண் பொருளியல் பாடத்தில் சாகுபடிச் செலவைப் பல ஆண்டுகள் கற்பித்தவன். 'களை' என்ற ஒற்றை வரிக்குள் எத்தனை வகைச் செடிகள் அடங்குகின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

புல்லையும் கோரையையும் பிரித்தறிய நுண்ணோக்கி தேவையில்லை. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையானது. இடையிடையே கணுக்கள் தெளிவாகத் தெரியும். கணுக்களுக்கு நடுவே உள்ளீடற்றிருக்கும். கோரையின் பூந்தண்டு பெரும்பாலும் முப்பட்டையானது, கணு இராது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் புல்லின் இலைகள் எதிரெதிராக இரண்டு வரிசையிலும், கோரையின் இலைகள் மூன்று திசையிலும் விரியும். இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றிக்கொள்ளும் இடத்தையும் பார்க்கலாம். புல்லில் அந்த உறை ஒரு பக்கம் பிளந்திருக்கும்; கோரையில் குழாய்போல மூடியிருக்கும்.

விதிவிலக்குகள் உண்டு. கரும்பும் சோளமும் புல்லினத்தைச் சேர்ந்தவையே. ஆனால், அவற்றின் தண்டு உள்ளீடு நிறைந்தது. குளக்கரைக் கோரைகள் சிலவற்றின் தண்டு உருண்டையானது. ஆகவே, ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் கணுவையும் தேடிப் பார்ப்பது நல்லது. ஏரிகளில் ஆளுயரம் வளர்ந்து, பழுப்பு நிறத்தில் உருளையான கதிர் விடும் சம்பு, சம்பங்கோரை என்றும் அழைக்கப்படுகிறது. அது புல்லுமன்று, கோரையுமன்று. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அந்த வகைப்பாட்டில் பனையும் தென்னையும் புல்லாகும். இன்றைய தாவரவியல் மூங்கிலைப் புல்லினத்தில் வைத்துக்கொண்டு பனையை விலக்கிவிட்டது. 'புல்' என்ற சொல் நம்மிடம் எப்போதுமே அகலமாகத்தான் இருந்திருக்கிறது.

வயலுக்கே திரும்புவோம். கோரையைப் பிரித்தபின் எஞ்சுவதில் பெரும் தொல்லை குதிரைவாலிப் புல். நாம் உண்ணும் குதிரைவாலித் தானியத்தின் உறவினம் இது. இளம் பருவத்தில் நெல்லுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. நாற்றோடு சேர்ந்தே நடப்பட்டுவிடுவதும் உண்டு. இலையும் உறையும் சேரும் இடத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே வெண்மையான சவ்வு நாக்குப்போல நீண்டிருக்கும். இருபுறமும் சிறு மடல்கள் காதுபோலத் தண்டைப் பற்றியிருக்கும். குதிரைவாலியில் இரண்டுமே கிடையாது. களையெடுக்கும் பெண்கள் இதைக் கண் இமைக்கும் நேரத்தில் கண்டுகொள்கிறார்கள். இந்தத் திறனை எந்தக் கூலிக் கணக்கும் தனியே மதிப்பதில்லை. 'திறன்சாராத் தொழிலாளர்' என்ற பிரிவில் அவர்களை எழுதிய அறிக்கைகளை நானே மதிப்பிட்டிருக்கிறேன்.

கோரைகளும் ஒரே வகையல்ல. வயலில் வரும் ஊசிக்கோரையும், உருண்டைப் பூங்கொத்துடைய வட்டக்கோரையும் விதையால் பரவுபவை. அவற்றை விதை முற்றுமுன் பிடுங்கிவிட்டால் அடுத்த போகத்துக்கு ஆதாயம். தோட்டக்காலில் வரும் கோரைக்கிழங்கு அப்படியன்று. மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் சங்கிலி அறும். உறங்கிக்கிடந்த கிழங்குகள் தனித்தனியே முளைக்கும். உலகின் மிக மோசமான களைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுவதன் காரணம் இதுவே. அதே கிழங்குதான் சித்த மருத்துவத்தில் முத்தக்காசு என்ற பெயரில் மருந்தாகிறது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கோரையைத்தான் கரூர், நாமக்கல் பகுதிகளின் காவிரிக் கரையில் பயிராகவே வளர்த்துப் பாய் நெய்கிறார்கள்.

வரப்பில் ஏறினால் அருகம்புல். ஒரே புள்ளியிலிருந்து விரல்கள்போலக் கதிர்கள் விரிவது அதன் அடையாளம் என்று பலர் அறிவர். ஆனால், காக்காய்க்கால் புல்லும் மயில்கொண்டைப் புல்லும் அவ்வாறே விரிபவை. காக்காய்க்கால் புல்லின் ஒவ்வொரு விரலும் தடித்திருக்கும். அதன் நுனியில் மணிகளற்ற சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். மயில்கொண்டையின் விரல்கள் ஊதா நிறம் பூசிய குஞ்சம்போல் மென்மையானவை. இரண்டையும் ஒருமுறை கையில் வைத்து ஒப்பிட்டவர் பிறகு மயங்கமாட்டார்.

ஆற்றோரத்தில் வெள்ளிக் கொண்டையுடன் அசையும் நாணலைப் பேய்க்கரும்பு என்றும் அழைப்பர். கோவையில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் பயிர்க்கரும்பை இந்தக் காட்டு இனத்தோடு ஒட்டினார்கள். உருவான 'கோ 205' ரகம் 1918-இல் வெளியாகி, வட இந்தியாவில் அங்கிருந்த கரும்புகளைவிடக் கூடுதலாக விளைந்தது. அவர்கள் பயன்படுத்திய நாணல், கோவை வட்டாரத்தில் தானாக வளர்ந்து நின்றது.

வாய்க்கால் பாசனத்தைத் தாண்டி வடக்கே காங்கயம் நோக்கிப் போனால் மேட்டுநிலம் வருகிறது. அங்கேதான் கொரங்காடுகள். முள்கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல் என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் தனியார் மேய்ச்சல்நிலங்கள் இவை. காங்கயம் மாடுகள் இந்தப் புல்லில் வளர்ந்தவை. கொழுக்கட்டைப் புல்லின் கதிர் நரிவால் போன்றது. ஒவ்வொரு மணியையும் மென்மயிர்கள் சூழ்ந்திருக்கும். முற்றினால் மயிரோடு சேர்ந்தே உதிரும். மழை பொய்த்து மேற்பகுதி காய்ந்தாலும் அடித்தூர் உயிரோடிருந்து அடுத்த மழையில் தழைக்கும்.

அளவுக்கு மீறி மேய்த்த கொரங்காட்டில் இந்தப் புல் குறைந்து, மூன்று கூர்முனைகளாகப் பிரிந்த விதையுடைய துடைப்பப் புல் வகைகள் தலையெடுக்கின்றன. மாடு அவற்றை விரும்புவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு நிலமும் புல்வெளிதான். குத்தகை பேச வரும் கால்நடைக்காரரோ கதிரைக் கையில் உருவிப் பார்த்துவிட்டே தொகையைச் சொல்கிறார்.

நம் ஆவணங்களில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. வருவாய்ப் பதிவேட்டில் பொதுநிலம் 'மேய்க்கால் புறம்போக்கு' என்றும், உழாத நிலம் 'தரிசு' என்றும் முடிந்துவிடுகிறது. தேசிய அளவில் வெளியிடப்படும் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலங்களுக்கும் சீரழிந்த மேய்ச்சல்நிலங்களுக்கும் இடம் உண்டு. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தை மனைப்பிரிவாகவோ மரத்தோப்பாகவோ மாற்றும்போது, இழப்பு என்ற பத்தியில் நிரப்புவதற்கு எதுவுமில்லை. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல்நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொது அவை அறிவித்திருக்கிறது. மேடைப் பேச்சுகள் நடக்கட்டும். பெயர்ப்பட்டியல் ஒன்றும் வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அதில் மரங்களும் மூலிகைகளும் எளிதில் இடம்பெறும். புல்லும் கோரையும் வகைவகையாக, ஊர்ப் பெயரோடு இடம்பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பெரும்பாலான புற்கள் கதிர்விட்டிருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு உகந்தவை. வேரோடும் கதிரோடும் பறித்து, பழைய நாளிதழ்களுக்கிடையே வைத்து அழுத்தி, பறித்த இடத்தையும் நாளையும் குறித்தால் போதும். தாவரவியல் பெயரை அருகிலுள்ள கல்லூரித் துறையில் கேட்டுக்கொள்ளலாம். கோவை வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரி 1921-இல் எழுதிய தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு இன்றும் துணைநிற்கிறது.

ஊர்ப் பெயர்களைத்தான் விரைந்து சேர்க்க வேண்டும். சென்ற தையில் எங்கள் பகுதி ஆடு மேய்ப்பவர் ஒருவருடன் ஒரு காலைப்பொழுது நடந்தேன். பதினான்கு புற்களுக்குப் பெயர் சொன்னார். உடன்வந்த அவருடைய பேரன், கல்லூரியில் படிப்பவன், அவற்றில் மூன்றை அறிந்திருந்தான்.