தெற்கத்திக் கைத்தொழில்கள் – 14: டிப் மாற்றும் வேளை

சென்ற வாரம், கணினி இயக்கும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத்தில், சீவ வேண்டிய துண்டான ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், அந்த ஜாப்பைச் சீவுகிற முனைக்கு வருவோம். இயந்திரத்தின் விலை பல லட்சம். ஆனால், இரும்பைத் தொட்டு வேலை செய்வது சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு கார்பைடு துண்டு. பட்டறையில் அதற்கு டிப் என்று பெயர்.

தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி பக்கத்துப் பிள்ளைகள் கோணம் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்துவிட்டு, கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று இந்த இயந்திரங்களைத் தேடிப் போகிறார்கள். “பட்டன் அமுக்குற வேலைதானே மக்கா?” என்று ஊரில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறு. பட்டனை யாரும் அமுக்கலாம். டிப்பை எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரிந்தவரே தொழிலாளி. அந்த முடிவைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

முன்பெல்லாம் கடைசல்காரரின் திறமை சாணைக் கல்லில் தெரிந்தது. ஹை ஸ்பீடு ஸ்டீல் துண்டைக் கல்லில் பிடித்து, கோணம் பார்த்து, தன் முனையைத் தானே தீட்டிக்கொள்வார். அந்த எஃகை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் இருந்த ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில், முனை செந்தணலாய்க் கனன்ற பிறகும் அது இரும்பை வெட்டிக்கொண்டே இருந்ததை உலகம் பார்த்தது. பின்னர் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சுட்டெடுத்தார்கள். க்ரூப் நிறுவனம் 1927-இல் விடியா என்ற பெயரில் அதை லைப்சிக் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் அதே பெயரில் பெங்களூரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் கார்பைடைத் தண்டில் பற்றவைத்துத் தீட்டினார்கள். இப்போது திருகு போட்டு இறுக்குகிறோம்; ஒரு முனை தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடுகிறோம்; எல்லா முனையும் தேய்ந்தால் புதிதாக மாற்றுகிறோம். தீட்டும் வேலை போய்விட்டது. எப்போது திருப்புவது என்று தீர்மானிக்கும் வேலை வந்திருக்கிறது.

டிப் பெட்டியின் மேல் சி.என்.எம்.ஜி. 120408 என்று அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு பயிற்சியாளரும் பார்த்திருப்பார். முதல் எழுத்து 80 பாகை சாய்சதுர வடிவம். இரண்டாவது, டிப்பின் பக்கங்கள் செங்குத்தானவை என்கிறது. மூன்றாவது அளவுத் துல்லியம். நான்காவது, நடுவில் துளையும், சீவும்போது வரும் உலோகச் சுருளை உடைக்கும் பள்ளம் இரு முகத்திலும் உண்டு என்கிறது. 12 என்பது வெட்டும் விளிம்பின் நீளம், 04 என்பது 4.76 மில்லிமீட்டர் தடிமன், 08 என்பது 0.8 மில்லிமீட்டர் மூக்கு ஆரம். மேலே இரண்டு, கீழே இரண்டு என 80 பாகை முனைகள் நான்கு. நான்கையும் முழுதாகப் பயன்படுத்துகிறவர், மூன்றோடு தூக்கிப் போடுகிறவரைவிடக் கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

ஒரு முனை எவ்வளவு நேரம் தாங்கும்? இதற்கு விடை தேடியவரும் டெய்லர்தான். 26 ஆண்டுகள், 8 லட்சம் பவுண்டு இரும்பையும் எஃகையும் சீவித் தள்ளிச் சோதனை செய்து, 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முடிவை வைத்தார். வேகம் கொஞ்சம் கூடினாலும் முனையின் ஆயுள் பெரிதாகக் குறையும் என்பதே அதன் சாரம். அவருடைய சமன்பாட்டில் கார்பைடுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 0.25 என்ற அடுக்கை வைத்துக் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் 15 நிமிடம் வெட்டுகிற முனை, 240 மீட்டரில் 7 நிமிடம்தான் வரும். 160-க்கு இறக்கினால் 36 நிமிடம் தாண்டும். 20 சதவீத வேகத்துக்குப் பாதி ஆயுளை விலையாகக் கொடுக்கிறோம். ஒரு ஜாப்புக்கு ஆகும் நேரமான சைக்கிள் டைமைக் குறைக்கச் சொல்லும் மேலாளர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மழுங்குவதிலும் வகைகள் உண்டு. ஜாப்பை ஒட்டி உராயும் பக்கத்தில் பட்டையாகத் தேய்வது ஒன்று. இது எதிர்பார்த்த, சீரான தேய்மானம். பட்டை 0.3 மில்லிமீட்டர் அகலம் ஆனால் முனையின் ஆயுள் முடிந்தது என்பது உலகெங்கும் உள்ள சோதனை அளவு. மேற்புறத்தில் சுருள் உரசிப் பள்ளம் விழுந்தால் சூடு அதிகம். முனையில் ஜாப்பின் உலோகமே அப்பிக்கொண்டால் வேகம் போதவில்லை. விளிம்பு பொடிப் பொடியாக உதிர்ந்தால் எங்கோ அதிர்வு இருக்கிறது, அல்லது திருகு சரியாக இறுகவில்லை. கழற்றிய டிப்பை லென்ஸில் பார்க்காமல் தொட்டியில் போடுகிறவர், இயந்திரம் தந்த தகவலை வாசிக்காமலே எறிகிறார்.

வெட்டும்போதே அறிகுறிகள் வந்துவிடும். சுருளின் நிறமும் வடிவமும் மாறும். சத்தம் கனக்கும். ஜாப்பின் ஓரத்தில் பிசிறு தடிக்கும். பளபளப்பு மங்கும். திரையில், சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் லோடு ஏறும். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியையும் மல்லியையும் கையில் அள்ளிய உடனே, அது எத்தனை மணிக்குப் பறித்தது, எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லிவிடுகிறார்களே, அதே அறிவுதான் இது. பழகப் பழகத்தான் வரும். பழக விட்டால்தான் வரும்.

இனி மாற்றும் முறை. ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகே கதவைத் திறக்க வேண்டும். டூல்களைத் தாங்கும் டரட் ஜாப்பைவிட்டு விலகி நிற்க வேண்டும். திருகைக் கழற்றும் கீயைப் போடும் முன் சுருளை பிரஷ்ஷால் தள்ளுங்கள். டிப்பைக் கழற்றியதும், அது உட்காரும் இடத்தையும் அடியில் உள்ள ஷிம் தகட்டையும் துடையுங்கள். அங்கே முடியளவு சுருள் ஒட்டியிருந்தாலும் டிப் மட்டமாக உட்காராது. முதல் வெட்டிலேயே உடையும். பயன்படுத்திய முனையில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். டிப்பை அது உட்காரும் இடத்தின் சுவரோடு ஒட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகை இறுக்குங்கள். மரை போன திருகை ஒரு நாளும் திரும்பப் போடாதீர்கள்.

இதற்குப் பிறகு வருவதுதான் பலரும் சறுக்கும் இடம்: முனை இருக்கும் இடத்தை இயந்திரத்துக்குச் சொல்லும் திருத்த எண்ணான ஆஃப்செட். டி0101 என்று புரோகிராமில் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் டூலைச் சொல்லும், அடுத்த இரண்டும் அதன் ஆஃப்செட்டைச் சொல்லும். முனை தேயத் தேய, வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். 0.3 மில்லிமீட்டர் பட்டை விழுந்த முனை, ஹோல்டர் தரும் 6 பாகைச் சாய்வில் சுமார் 0.03 பின்வாங்கியிருக்கும்; விட்டத்தில் அது 0.06. ஆபரேட்டர் அவ்வப்போது தேய்மானத்துக்கான வேர் ஆஃப்செட்டில் மைனஸ் போட்டுச் சரிக்கட்டி வந்திருப்பார். இப்போது புது முனையைப் போட்டுவிட்டு அந்த மைனஸ் 0.06-ஐ அழிக்காமல் ஓட்டினால், ஜாப் அதே அளவு சிறுத்துவிடும். பெரிதாக வந்ததை மறுபடி சீவலாம். சிறுத்துப்போனது கழிவுக்குத்தான் போகும்.

பழைய மைனஸை அழித்தாலும் போதாது. இந்த அளவு எம் வகை டிப்பின் உருவத்திலேயே 0.08 மில்லிமீட்டர் வரை கூடக் குறைய இருக்கலாம். ஆகவே பழைய திருத்தத்தை அழியுங்கள். விட்டத்துக்கான எக்ஸில் 0.1 கூட்டிப் போடுங்கள். வேகத்தைக் குறைத்து, புரோகிராமை வரி வரியாக நிறுத்தி ஓட்டும் சிங்கிள் பிளாக்கில் முதல் ஜாப்பை ஓட்டுங்கள். மைக்ரோமீட்டர் காட்டும் வித்தியாசத்தை ஆஃப்செட்டில் கொடுத்து மீண்டும் சீவுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் ஒரு ஷிஃப்டின் உழைப்பைக் காப்பாற்றுகிறது.

தோவாளைக்கு வடகிழக்கே மலைத்தொடரில் மகேந்திரகிரி இருக்கிறது. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில், சந்திரயான்-3-ஐ 2023 ஜூலை 14 அன்று ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் சி.இ.-20 கிரையோஜெனிக் இயந்திரம் சோதிக்கப்பட்டது. அதே வளாகத்தில் எரியூட்டிப் பார்க்கும் விகாஸ் இயந்திரத்தை மும்பையின் கோத்ரெஜும் ஹைதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர். நிறுவனமும் செய்து தருகின்றன. ராக்கெட் இயந்திரங்களில் பயன்படும் நிக்கல் கலவை, டைட்டானியம் போன்ற உலோகங்கள் வெட்டும் சூட்டைச் சுருளோடு வெளியே அனுப்பாது; முனையிலேயே தேக்கி வைக்கும். சாதா எஃகை 200 மீட்டரில் சீவும் கார்பைடை நிக்கல் கலவையில் பெரும்பாலும் 30 முதல் 60 மீட்டருக்குள்தான் ஓட்ட முடியும். முனை மாற்றும் தீர்மானம் அங்கே இன்னும் கடுமையாகிறது. நம் பிள்ளைகள் அந்த வேலைக்கும் தகுதி பெறலாம். அதற்கான பாடம் சாதாரண டிப்பில்தான் தொடங்குகிறது.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். “இன்னும் பத்து பீஸ் ஓட்டு” என்று அழுத்தாதீர்கள். மழுங்கிய முனை உடைந்தால் டூல் ஹோல்டர் போகும், ஜாப் போகும், சில நேரம் ஸ்பிண்டிலின் பேரிங்கும் அடிபடும். நிறுத்தி டிப்பை மாற்றியவரை நேரம் வீணடித்தவராகப் பார்க்காதீர்கள். தேய்ந்த டிப்புகளைத் தனி டப்பாவில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள். உலக டங்ஸ்டனில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அதன் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அந்த டப்பாவுக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது.

பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிப், எந்த உலோகம், என்ன வேகம், ஒரு முனைக்கு எத்தனை ஜாப், எதனால் மாற்றினீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் இயந்திரத்துக்கு என்று ஒரு கணக்கு உங்கள் கையில் இருக்கும். இயந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் செட்டர் அண்ணன் வேகத்தைக் கூட்டச் சொன்னால், எவ்வளவு கூட்டலாம், அதற்கு எத்தனை முனை செலவாகும் என்று எண்ணைக் காட்டிப் பேசலாம். அப்படிப் பேசத் தெரிந்தவரைத்தான் அடுத்த செட்டராக்குவார்கள்.

(அடுத்த வாரம்: கூலண்ட்)